ஊசல்

கிதினியா துறைமுகத்தில்
பால்டிக் காற்று காதைக் கடிக்கும் பிப்ரவரியில்
போக்னா நெட்செல்
மூன்றாம் முறையாகத் தோற்றாள்.

தேர்வு சின்னதுதான்.
கிரேன் கொக்கியில் இரண்டு டன் கான்கிரீட் கட்டி,
கட்டியின் தலையில் ஒரு வாளித் தண்ணீர்.
ஆறு கம்பங்களுக்கு நடுவே நெளிந்து போய்
மஞ்சள் கட்டத்துக்குள் இறக்க வேண்டும்.
ஒரு கம்பம் சாய்ந்தால் மன்னிப்பு உண்டு.
வாளி கவிழ்ந்தால் இல்லை.

முதல் முறை நான்கு கம்பம் போனது.
இரண்டாம் முறை காற்று.
(காற்று என்று அவள்தான் சொன்னாள்.
அன்று கொடிகூட அசையவில்லை.)
மூன்றாம் முறை எல்லாம் சரியாக வந்து
கடைசி ஒரு முழத்தில் கட்டி ஆடத் தொடங்கியது.
இடப்பக்கம் போனதை வலப்பக்கம் இழுத்தாள்,
வலப்பக்கம் போனதை இடப்பக்கம்.
இழுக்க இழுக்க ஆட்டம் பெரிதானது.
வாளி கவிழும் சத்தம்
முப்பது மீட்டர் உயரக் கூண்டுக்குக் கேட்காது.
அவளுக்குக் கேட்டது.

தேர்வாளர் பிலாஷ்க் படிவத்தில் ஒரு கோடு கிழித்தார்.
"மறுபடி வரலாம். கட்டணம் அதேதான்."

கட்டணம் என்றால்
மீன் தொழிற்சாலையில் பதினோரு இரவு.
பதினோரு இரவும் ஹெர்ரிங் வயிற்றைக் கீறிவிட்டு
முதல் பேருந்தில் வீடு திரும்பினால்
பக்கத்து இருக்கை காலியாகவே வரும்,
எத்தனை பேர் நின்றாலும்.

தொழிற்சாலைக் கழிப்பறைக் கதவில் ஒரு சுவரொட்டி:
விடாமுயற்சி வெற்றி தரும்.
மலை உச்சியில் ஒருவன், பின்னால் சூரியன்.
கையுறை கழற்றும்போதெல்லாம் அவனைப் பார்ப்பாள்.
இவனுக்கு வீட்டு வாடகை யார் கட்டுகிறார்கள்?

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள்.
நகரும், சரி.
அதே அம்மியைக் கயிற்றில் தொங்கவிட்டு
அடித்துப் பாருங்கள்.
திரும்பி வந்து உங்களை அடிக்கும்.

மார்ச்சில் பயிற்சிக்குப் பணம் இல்லை.
சமையலறை ஜன்னலின் திரைச்சீலையைக் கழற்றினாள்.
கம்பியில் ஒரு வளையத்தை மட்டும் விட்டாள்.
வளையத்தில் நூல்,
நூலில் சைக்கிள் பூட்டு.
வேலை முடிந்து வந்து, பல்கூடத் துலக்காமல்,
வளையத்தை இங்கும் அங்கும் நகர்த்துவாள்.
பூட்டு ஆடும். கண்ணாடியில் இடிக்கும்.
மகன் இக்னாட்சி தலையணையால் காதை மூடிக்கொள்வான்.
எதிர்வீட்டு ஒஸ்வால்த் காபிக் கோப்பையோடு பார்ப்பார்:
விடிகாலையில் பூட்டோடு மல்லுக்கு நிற்கும் பெண்.

ஒரு வியாழக்கிழமை
தூக்கம் கண்ணைச் செருகியது.
பூட்டு வலப்பக்கம் போனபோது
இழுத்துப் பிடிக்கக் கையில் தெம்பில்லை.
கை அதன் பின்னாலேயே போனது.
வளையம் பூட்டின் தலைக்கு மேல் வந்து சேர்ந்தது.
பூட்டு நின்றுவிட்டது,
எதிலும் இடிக்காமல்,
நடு அறையில் ஒரு சொல் நிற்பதுபோல.

கண்டுபிடிப்பு என்று நினைக்காதீர்கள்.
பயிற்சியாளர் முதல் வாரமே சொன்னதுதான்:
ஆடும் திசையில் போ, அதைப் பிடி, பிறகு நில்.
அவள் நோட்டில், அவள் கையெழுத்தில்,
இரண்டு கோடு அடித்து இருக்கிறது.
காதில் விழுந்தது
கைக்கு இறங்கப் பதினான்கு மாதம் ஆனது.

மறுநாளே கை மறந்தும் போனது.
அதற்கு மறுநாள் பாதி வந்தது.
கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்தது.
அதை வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூனில் நான்காம் தேர்வு.
ஐந்தாவது கம்பம் சாய்ந்தது.
ஆறாவதைத் தாண்டும்போது, வழக்கம்போல,
கட்டி ஆடத் தொடங்கியது.
போக்னா அதனோடு போனாள்.
போய், பிடித்து, நின்றாள்.
மஞ்சளுக்குள் கட்டி உட்கார்ந்தது,
ஒரு மூலை மட்டும் கோட்டை மிதித்தபடி.

ஏணியில் அவள் இறங்கி வரும்வரை
வாளித் தண்ணீர் தளும்பிக்கொண்டே இருந்தது.
பிலாஷ்க் வாளியைப் பார்த்தார்.
அவளும் வாளியைத்தான் பார்த்தாள்.
அவர் பேனாவைத் தேடினார்,
எல்லாப் பையிலும் தேடினார்.
கடைசியில் அவளுடையதைக் கேட்டு வாங்கிக்
கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை
திரைச்சீலையைத் துவைத்து மாட்டினாள்.
ஒரு கொக்கிக்கு வளையம் குறைந்தது.
அந்த வளையம் கைப்பையில், நூலும் பூட்டுமாகக் கிடந்தது.
அந்த முனை தொங்கட்டும் என்று விட்டுவிட்டு
தூங்கப் போனாள்.